தூக்குக்கூலி

செம்பனைக் குலை ஒன்று இருபத்தைந்து கிலோ.
நாளுக்கு முந்நூறு குலை லோரியில் ஏற்றுகிறவன் நான்.
அப்பா நாற்பத்தொரு கிலோ.
அவரைத் தூக்க எனக்கு ஆள் தேவைப்பட்டது.

ஸ்லிம் ரிவர் கோழிக்கடை ஆ ஹெங் சொல்லி
பார் தியால் வந்தாள். மியன்மாரில் சின் மலைக்காரி.
அட்டை இன்னும் வரவில்லை;
ஐ.நா. கடிதம் ஒன்று, மடித்து மடித்து
நடுவில் எழுத்தெல்லாம் உதிர்ந்துபோனது.
மலாய் அரைகுறை.
அப்பாவுக்கு மலாய் முழுசு, வாய்தான் பாதி.
வாதம் வலப்பக்கத்தோடு சொற்களையும் கொண்டுபோயிருந்தது.
ஆக, இரண்டு பேருக்கும் சரியாகப் போயிற்று.

விடியலில் நான் கோப்பி ஆற்றும்போது உள்ளறையில் கேட்கும்:
பக்காட். பாஹ்னி. பாதும்.
கட்டில் முனகும். பிறகு நாற்காலி.
ஏதோ ஜெபம் என்று நினைத்திருந்தேன்.

சம்பளத்தில் நூறு ரிங்கிட் வைத்துக்கொண்டு
மிச்சத்தைத் தஞ்சோங் மாலிம் போன்கடையில் கட்டுவாள்.
மருந்துக்கா?
இல்லை, ஆளுக்கு.

அவளுடைய அப்பாவுக்கு இடுப்பெலும்பு கூடவில்லை.
ஊர் எரிந்தபின் காட்டில், தார்ப்பாய்க்குக் கீழே.
விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் பள்ளத்துக்கு ஓடவேண்டும்.
ஓட முடியாதவரைத் தூக்க இரண்டு பையன்கள்,
ஒரு மூங்கில் நாற்காலி, மாதக் கூலி.

விமானம் வராத மாதமும் கொடுக்கணுமா என்று கேட்டேன்.
லோரிக்காரன் புத்தி.
"அந்த மாதம்தான் சந்தோஷமாகக் கொடுப்பேன், அபாங்."

ஆகஸ்டில் இரண்டு மாத அட்வான்ஸ் கேட்டாள்.
பையன்களில் ஒருத்தன் துப்பாக்கி தூக்கப் போய்விட்டான்;
மற்றவன் தனியாகத் தூக்க இரட்டிப்புக் கேட்கிறான்.
ஒரு மாதத்துக்குக் கொடுத்தேன்.
இன்னொன்றை அப்புறம் பார்க்கலாம் என்றேன்.
டயர் மாற்ற வேண்டியிருந்தது.
அன்றிரவு குழாயடியில் போனில் யாரிடமோ கத்தினாள்.
காலையில் வழக்கம்போல்
பக்காட், பாஹ்னி, பாதும்.

அட்டைக்கு கோலாலம்பூரில் கூப்பிட்டார்கள்.
நாலு மணி பஸ்சுக்குக் கிளம்பும்போது சொன்னாள்:
பம்பர்ஸ் மேல்தட்டில். கஞ்சியில் உப்பு வேண்டாம்.

கட்டிலருகே நின்றேன்.
குலையென்றால் கொக்கி போடலாம், வீசலாம்.
அப்பாவுக்கு எங்கே பிடிப்பது?
அக்குள் இருக்கிறது, மூத்திர வாடை இருக்கிறது,
என்னைப் பார்க்கக் கூசும் கண் இருக்கிறது.
இழுத்தேன். சரிந்தார்.
இடக்கையால் என் புறங்கையில் ஓர் அடி.
"எண்ணு" என்றது பாதி வாய்.

ஒண்ணு, ரெண்டு...
தலையை ஆட்டினார். இல்லை.
"பக்...காட்."
அவரே.
"பா...னி."
மூன்றாவது சொல்லுக்கு
இடக்குதிகால் மெத்தையில் ஊன்றிற்று,
தாடை இறுகிற்று,
என் நெஞ்சின்மேல் ஏறி வந்தார்,
நான் தூக்கியதைவிடக் கூடுதல் உயரத்துக்கு.

இத்தனை மாதமும் அந்த அறையில்
தூக்கியது இரண்டு பேர்.

சாயங்காலம் திரும்பினாள். அட்டை இல்லை,
அடுத்த ஏப்ரலுக்கு வேறொரு தேதி.
விழுந்தாரா? இல்லை.
எண்ணினீர்களா? அவரே எண்ணினார்.
சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லாததை
அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு வாசல்படியில் உட்கார்ந்து போனை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.
ஒன்பது நாளாக அங்கே லைன் இல்லை.
என் சட்டைப்பையில் அந்த இன்னொரு மாதம்,
ரப்பர் வளையம் போட்டபடி.
எப்படி நீட்டுவது, என்ன சொல்லி?
அங்கே ஒருவன், தனியாக.
மூன்று வரை எண்ண நேரம் கிடைத்திருக்குமா?

ஏழு மணிக்கு ஆலைச் சங்கு ஊதிற்று.
இந்த ஊரில் யாரும் அதற்குத் தலை திருப்புவதில்லை.
அவள் வானத்தைப் பார்த்தாள்.
உள்ளே அப்பா
இடக்குதிகாலைத் தேய்க்கும் சத்தம்.