விதிவிலக்கு

சூரிச் அலுவலகத்தில்
அனுமதிக்கப்பட்ட நிரல்மொழிகள் நான்கு.
ஐந்தாவதாக ஒன்றைக் கேட்டு வந்திருந்தாள் ஃப்ளுரினா.

"அழகாத்தான் இருக்கு" என்றார் வெரேனா,
குழுவின் தலைவர், ஆப்பிளை நறுக்கியபடி.
"நீ வேலையை விட்டுப் போனால்
ராத்திரி இரண்டு மணிக்கு
இதை வாசிக்க யார் இருக்கா?"

அவளுக்குப் பழகிய கேள்விதான்.
வீட்டில் பேசும் ரொமான்ஷைப் பற்றியும்
ரயிலில் யாராவது கேட்பார்கள்.
நாட்டின் நாலாவது மொழி;
பணத்தாளில் இடம் உண்டு,
பல் டாக்டரிடம் செல்லாது.

நிராகரித்தார்கள்.
ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரலுக்கு மட்டும்
டிசம்பர் வரை விலக்கு.

எழுநூறு வரி.
ஊரடங்கிய பின்
சர்வர்களின் பிழைகளை எண்ணி முடித்து
விடிவதற்குள் கணக்கு ஒப்படைத்துவிடும்.
அதை முறையான மொழிக்கு மாற்ற
ஒரு கோடை முழுக்க மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.
கணக்கு உதைத்தது.
மூவரில் ஒருவன் பெர்லினுக்கே போய்விட்டான்.

இது ஒன்பதாவது டிசம்பர்.
வெரேனா ஓய்வு பெற்றாயிற்று.
நீட்டிப்புப் படிவத்தில்
'காரணம்' என்ற கட்டத்துக்குள்
வருடா வருடம் ஃப்ளுரினா தட்டுவது
ஒரே சொல்,
ரொமான்ஷில்.

இதுவரை யாரும்
அர்த்தம் கேட்டதில்லை.