துகள் எண்ணும் வேலை

பாயான் லெப்பாஸில் எனக்குத் துகள் எண்ணும் வேலை.
கண்ணுக்குத் தெரியாததைக் கருவி எண்ணும்,
நான் கையெழுத்துப் போடுவேன்.
ஒரு முடி விழுந்தால் போதும்,
ஒரு தட்டுச் சிலிக்கான் குப்பைக்கு.
அதனால் தலைக்கு வலை,
வலைக்கு மேல் வெள்ளை முக்காடு.
பன்னிரண்டு மணி நேரம்
உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

காலை ஏழரைக்கு வலையைக் கழற்றும்போது
எனக்குத் தெரியும்.

இருபத்தெட்டு வயது.
குளியலறைச் சல்லடையில் முதல் நாள் நூற்று நாற்பது.
மறுநாள் தலைக்கு ஊற்றவில்லை, முப்பத்தொன்று.
வேலைப் பழக்கம், எக்செல்லில் போட்டு வைத்தேன்.
நூறு வரை இயல்பாம்.
கோடு அந்த நூறை மிதித்து ஏறிப் போனது.

தண்ணி ஒத்துக்கல என்றார் அம்மா.
சின்ன வெங்காயச் சாறு என்றாள் சித்தி.
தாப்பாவிலிருந்து வந்த கரிசலாங்கண்ணி எண்ணெய்
தலையணை உறையைப் பச்சையாக்கியதோடு சரி.
வரன் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்த அண்ணன்
"முகத்தைக் கொஞ்சம் தூக்கு" என்றான்.
தூக்கினேன்.
வகிடு மறைந்தது, கழுத்து வலித்தது.

உனக்கென்ன, துடோங் போட்டால் தீர்ந்தது என்று
நோர்ஹயாத்தியிடம் ஒருமுறை சொல்லிவிட்டேன்.
அவள் அன்று பதில் சொல்லவில்லை.
மறுவாரம் உடைமாற்றும் அறையில், எல்லாரும் போன பின்,
ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியை அவிழ்த்து
திரும்பி நின்றாள்.
காதுக்குப் பின்னால்
ஐம்பது சென் அகலத்தில் வழவழவென்று ஒரு வட்டம்.
கீழே இன்னொன்று.
"வட்டத்துக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள்.
வலிக்கும்தான். நீயும் டாக்டர் ஊயிடம் போ."

பர்மா சாலை. மாடியில் கிளினிக்.
உருப்பெருக்கியை வகிட்டில் வைத்ததும்
திரையில் என் தலை, யாருடைய நிலமோ போல.
மூன்று முளைக்க வேண்டிய குழியில் ஒன்று,
அதுவும் இளைத்து.
"இவை சாகவில்லை" என்றார்,
"ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து திரும்பி வருகின்றன."
இரத்தத்தில் இரும்புச் சேமிப்பு ஒன்பது.
கிடங்கு காலியானால் உடம்பு சிக்கனம் பார்க்குமாம்,
இதயத்துக்குக் கொடுத்துவிட்டு
முடியிடம் கையை விரிக்குமாம்.
தோழிக்கு வந்தது வேறு:
அவள் உடம்பு அவள் முடியையே
அந்நியன் என்று நினைத்துவிட்டது.

இரும்பு மாத்திரை. இரவில் தலைக்குச் சொட்டு மருந்து.
சாப்பாட்டோடு தே தாரிக் கூடாது, இதுதான் கடினம்.
முதல் ஆறு வாரம் இன்னும் கொட்டும்,
பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் என்றார்.
அப்புறம் நிறுத்தினால்?
வந்தது போய்விடும் என்றார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

கொட்டியது.
எக்செல்லைத் திறப்பதை விட்டேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில்
கூடை கூடையாக முடி.
அடர்த்தியானதை எல்லாம் அவ்வளவு இலேசாகக் கொடுக்கிறார்கள்.
சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவே நின்று கேட்டேன்:
சொல்லாமல் எடுத்துக்கொண்டாயே,
அதை வேண்டுதலில் வரவு வைப்பாயா?
உறுமி மேளச் சத்தம்.
காதில் விழுந்திருக்காது.

ஐந்தாம் மாதம், இரவு வேலை, மூன்று மணி.
தட்டில் ஒரு முடி.
நுண்ணோக்கியில் வைத்தேன். இரண்டு சென்டிமீட்டர்.
கத்தரி பட்ட நுனி மொட்டையாக இருக்கும்.
இது கூர்மையாக இருந்தது,
புல் மாதிரி,
இன்னும் யாரும் வெட்டாதது.

படிவத்தில் 'மூலம்' என்ற கட்டத்தில்
என் எண்ணை எழுதினேன்.
சூப்பர்வைசர் முறைத்தார்.
தட்டு குப்பைக்குப் போனது.

வீட்டுக்கு வந்து எக்செல்லைத் திறந்தேன்.
இன்று எண்பத்திரண்டு.
அதை இதில் சேர்க்கவில்லை.