அவினாசியில் ஓர் எறும்பு

முறிந்த ஊசியின் முனை கிடைக்கும்வரை
மேசையை விட்டு யாரும் எழக் கூடாது.
ஜப்பானுக்குப் போகும் குழந்தைச் சட்டைகளுக்கு
எங்கள் பனியன் கம்பெனியில் அதுதான் சட்டம்.
அப்படித்தான் அந்த நாடு எனக்கு அறிமுகம்:
காந்தத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு,
முழங்காலில்.

பிறகு எழுத்துப் படித்தேன்.
திருப்பூரில் ஷிப்ட் முடிந்த பதினான்கு பேர்
ராத்திரியில் போனுக்குள் கூடிப் படித்தோம்,
பாதிப் பேர் சம்பளத்துக்கு,
மீதிப் பேர் எதற்கென்று சொல்லத் தெரியாமல்.
பிகாஷ் மட்டும் ஒடியாவில் குறிப்பெடுத்து
தமிழில் சந்தேகம் கேட்பான்.

கோவையில் வேறொரு கூட்டம்,
பெரிய கண்களும் பறக்கும் தலைமுடியுமாகப்
படக்கதை வரைகிறவர்கள்.
எங்களை விசாக்காரர்கள் என்றார்கள்.
நாங்கள் அவர்களை என்ன சொன்னோம் என்பதை
இங்கே எழுத மாட்டேன்.
கோபியில் இன்னொன்று, குட்டை மரக்காரர்கள்.
வேர், கம்பி, உரம்,
அதைத் தாண்டி அவர்களிடம் பேச்சில்லை.

மூன்றிலும் நான் இருந்தேன்,
மூன்று பெயரில்.

ஒருநாள் கோபி சென்னியப்பன் ஒரு தாளைப் படமெடுத்துப் போட்டார்,
கிளை வெட்டும் கத்தரியோடு வந்த தாள்.
"நாலு வருசமாச்சுங்க, ஒருத்தருக்கும் படிக்கத் தெரியலீங்க."
பிகாஷுக்கு அனுப்பினேன்.
விடிவதற்குள் படித்துவிட்டான்:
தண்ணீரில் கழுவாதே. துடை. எண்ணெய் விடு.
நாலு வருசமாக அவர்
கழுவிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அடுத்த வாரம் உக்கடம் ரிஸ்வானா.
அவள் வரைந்த மழைத் தெருவில்
ஒரு கடைப்பலகை வெறுமையாக நிற்கிறது,
என்ன எழுதலாம்?
"கத்தரி சாணை பிடிக்கப்படும்" என்று
எழுதிக் கொடுத்தோம்.
கடை வாசலில் ஒரு மரம் வேண்டுமென்று
சென்னியப்பன் அடம்பிடித்தார்.
வேர் சரியில்லை என்று
மூன்று தரம் அழிக்க வைத்தார்.

அப்புறம்தான் அவினாசி.
மூவருக்கும் நடுவாந்திரமான ஊர்,
ஞாயிற்றுக்கிழமை, பேக்கரி மாடி.
முப்பது பேர் வருவதாகச் சொல்லி
ஒன்பது பேர் வந்தோம்.
முன்னாலேயே ஒரு விதி போட்டிருந்தோம்:
உடைந்த கிண்ணத்தைப் பொன்னால் ஒட்டும் கதையை
யாரும் எடுக்கக் கூடாது.
அது போனதும் பேச ஒன்றுமே மிஞ்சவில்லை.
நரிப் படமும் மேகப் படமுமாய் அறிந்தவர்கள்
பல்லும் பருவுமாய் எதிரே உட்கார்ந்திருக்க
டீயில் ஆடை படிந்தது.

சென்னியப்பன் மஞ்சப்பையிலிருந்து
ஒரு சாண் புளியமரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.
பாசிக்குள்ளிருந்து ஓர் எறும்பு வந்தது.
ஒன்பது பேரும் அதையே பார்த்தோம்,
வேறு போக்கில்லாமல்.

"அரி" என்றான் பிகாஷ்,
"ஜப்பான்ல எறும்புக்கு."
"எங்கூர்ல அரின்னா
அறுத்துப் போட்ட நெல்லுங்க, ஒரு கைப்பிடி" என்றார் அவர்.
"கரையான் அரிக்குமே, அந்த அரியா?"
பென்சிலைத் தேடிக்கொண்டே ரிஸ்வானா.
பிகாஷ் கொஞ்சம் யோசித்தான்.
"இன்னொரு அரியும் அங்க இருக்கு.
அதுக்கு அர்த்தமே
இருக்குங்கறதுதான்."

எறும்பு தொட்டியை விட்டு இறங்கி
என் தட்டோரம் வந்து
உதிர்ந்த சர்க்கரையை மோந்து பார்த்தது.
ஊசி தேடுகிறவளாய்க் குனிந்தேன்.
என்னை எந்தப் பெயரால் கூப்பிடுவது என்று
மூன்று பக்கமும் தயங்குவது தெரிந்தது.

"வசுமதிங்க" என்றேன்.

"நல்லதுங்க வசுமதி" என்றாள் ரிஸ்வானா,
"கொஞ்சம் தள்ளி உக்காருங்க.
எறும்புக்கு
வெளிச்சம் மறைக்குது."