இணைப்பு நான்கு

மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்.
முதற் கடிதம் முழுக்கக் கோபம், கிழித்தேன்.
இரண்டாவதில் "தயவுசெய்து" ஐந்து இடத்தில்.
காசு கொடுத்தவள் நானல்லவா,
அதையும் கிழித்தேன்.

இனி இப்படி:
டண்டினோங் கிளையில், நவம்பர் ஒன்பதாந் திகதி,
அறுநூற்று எண்பது டொலருக்கு வாங்கிய ஃப்ரீசர்.
தொடரிலக்கம் கதவின் உட்புறம், படம் இணைத்துள்ளேன்.
ஜனவரி பதினாறு, வெளியே நாற்பத்தொரு பாகை,
நான் வேலையால் வந்தபோது அதன் இரைச்சல் நின்றிருந்தது.
பச்சை விளக்கு மட்டும் எரிந்தது,
எல்லாம் சரி என்பதுபோல.

நிமலன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறான்.
"விளக்கு இருக்கட்டும், அதுதான் சாட்சி.
'என்பதுபோல'வை எடு."
எடுக்கிறேன்.

இரண்டு முறை தொலைபேசினேன்.
காலை 10.20க்குப் பேசியவர் பிரெட்.
திறந்து மூடிப் பாருங்கள் என்றார்.
மற்ற முறை ஆளே இல்லை,
முப்பத்தெட்டு நிமிடம் வயலின்.
கேட்பது: முழுப் பணமும், உள்ளிருந்தவற்றின் பெறுமதியும்,
பதினான்கு நாளுக்குள்.
தவறினால் நுகர்வோர் அலுவலகம்.

உள்ளிருந்தவை:
தாய்ப்பால், அறுபத்திரண்டு பை.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
மூன்று மணிக்கு, படுக்கைவிரிப்பு அடுக்கும் அறையில்,
பூட்டில்லாக் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு
எடுத்த பால் அது.
ஒரு நாள் எண்பது மில்லிலீற்றர்.
அம்மாவோடு ஃபோனில் சண்டை போட்ட நாள் முப்பது.
இதொன்றும் கடிதத்தில் இல்லை.
ஒவ்வொரு பையாக மூலை வெட்டி
சிங்கில் ஊற்றியதும் இல்லை.
ஆரணி அப்போது என் தோளில்
வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.
பைகளை மட்டும் எறியவில்லை.
கழுவி, கொடியில் காயவைத்தேன்,
சாட்சிக்கு.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது.
வருந்துகிறார்கள். பெட்டிக்கான பணம் வரும்.
உள்ளிருந்த பொருட்களுக்கு மட்டும்
வாங்கிய பற்றுச்சீட்டை இணைத்து,
கீழுள்ள படிவத்தை நிரப்பவும்.

இணைப்பு நான்கு:
வெறும் பைகள் அறுபத்திரண்டு,
சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கி எடுத்த படம்.
நீல மையில் என் கையெழுத்து.
ஓரத்துப் பையில் 3.10, முப்பது என்று தெரிகிறது.

வாங்கிய இடம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டோம்.
விலை என்ற கட்டத்தில்
நிமலன் விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு
திரும்பிப் பார்க்கிறான்:
"என்ன போட?"