இன்றைய ஏழு

வார்தோ மருந்துக்கடையிலிருந்து அழைப்பு.
டிசம்பர், பகல் ஒரு மணி, அங்கே இருட்டு.
இங்கே த்ரோன்ஹைமில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது,
ஒரு காபி குடித்து முடிக்கும் அளவுக்கு.

"லேபிள் வரவில்லை" என்றார் சோல்ஃப்ரிட்.
"அச்சாகிவிட்டது என்கிறது திரை.
தாள் இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது.
எதிரே ஒருவர் தொப்பியைக் கழற்றிக்
கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்."

திரை பொய் சொல்வதில்லை.
எங்கே என்றுதான் சொல்வதில்லை.

அவர் பார்ப்பது ஒரு ஜன்னல். நிரல் ஓடுவது
என் காலடியில், நிலவறையில்.
அவர் தட்டும் எழுத்து ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே வந்து
அவ்வளவும் வடக்கே திரும்பிப் போய்
அவர் முழங்கையருகே இருக்கும் பிரிண்டரில் இறங்கவேண்டும்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு
எனக்குச் சம்பளம்.

காலையில் உள்ளே நுழைகிறவருக்கு சர்வர் ஓர் எண் தரும்.
அவருடைய பிரிண்டர் அந்த எண்ணைத்
தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.
வெளியேறினால் பெயருமில்லை, எண்ணுமில்லை.
நேற்று சோல்ஃப்ரிட் ஏழு. இன்று பன்னிரண்டு.
மருந்து நிரலுக்கோ நேற்றைய ஏழுதான் நினைவிருந்தது;
எந்தப் புண்ணியவானோ எப்போதோ
எல்லோருக்கும் எல்லாப் பிரிண்டரையும் திறந்துவிட்டிருந்தான்.

இன்றைய ஏழு யார் என்று தேடுவதற்குள்
இன்னொரு போன். போட்ஸ்ஃபியூர் கிளை, யோருன்.
"எனக்கு வரக்கூடாத ஒன்று இங்கே வந்திருக்கிறது."

படியுங்கள் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

மாத்திரையின் பெயர். இருபத்தைந்து மில்லிகிராம்.
காலையில் ஒன்று. இதயத்துக்கு.
ஆளின் பெயர் வரவேண்டிய இடத்தில்
மூச்சு மட்டும் வந்தது.

"ஓட்வார்" என்றார் பிறகு.
"பதினோரு வருஷம் அவனோடு இருந்தேன்.
எப்போதிலிருந்து இது?"

பதில் அவருடைய திரையிலேயே இருந்திருக்கும்.
தேடினால் தேடியது பதிவாகும்.
அவர் தேடவில்லை. என்னைக் கேட்டார்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அச்சு வரிசை:
ஒரு பக்கம், மூன்று கிலோபைட், வெற்றி.

வலது காதில், வார்தோவில், யாரோ இருமினார்.
இடது காதில் யோருன் பேச்சை நிறுத்தினார்.
அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை.
ஆனாலும் வலது போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அனுமதிகளை எடுத்தேன். பழைய பெயரை அழித்தேன்.
ஒவ்வொரு முறையும் இருக்கிற பிரிண்டரைக் கேட்டுவிட்டு அனுப்பு
என்று நிரலுக்குச் சொன்னேன்.
சோல்ஃப்ரிட் மறுபடி அழுத்தினார்.
கிர்ரென்று ஒரு சத்தம், டப்பா உருளும் சத்தம்,
நன்றி சொல்லும் ஆண் குரல், கதவு, காற்று.

புகார்ப் படிவத்தில்
காரணம்: பிரிண்டர் வழிமாற்றம். நிலை: முடிந்தது.
படிக்கச் சொன்னதை எழுத அதில் கட்டமில்லை.

யோருன் இன்னும் லைனில் இருந்தார்.
"கிழித்துவிடுகிறேன்" என்றார்.
கிழியும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.
லேபிள் தாள், பசையுள்ளது,
எங்காவது ஒட்டிக்கொண்டால் சத்தமே வராது.