பழைய எண், புதிய எண்

அயனாவரத்தில் எங்கள் தெருவில்
எல்லா வீட்டுக்கும் இரண்டு எண்.
மேலே புதியது, கீழே பழையது,
நடுவில் ஒரு கோடு.
கூரியர் பையன் முக்கில் நின்று போன் அடிப்பான்:
"அக்கா, பழசா புதுசா?"

ரெபேக்கா சிஸ்டர் சீட்டில் எழுதித் தந்தபோதும்
ஏதோ விலாசம் என்றுதான் நினைத்தேன்.
172/108.
அப்படி ஒரு வீடு
எங்கள் தெருவில் இல்லை.

போனது அவருக்காக.
கல்யாண மண்டபத்தின் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில்,
ஞாயிற்றுக்கிழமை முகாம்.
பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில்
பிரஷர் என்றால் அவருடைய பிரஷர்.
அதற்காக டிவி சத்தம் குறைந்தது.
மகள் மார்க்கை ராத்திரி சொல்லாமல் காலையில் சொன்னாள்.
என் தம்பி கடன் கேட்டு வருவதை நிறுத்தினான்,
அது ஒன்று நல்லது.
அவருக்கு உப்பில்லாத குழம்பு, தனிக் கிண்ணத்தில்.
எனக்கு மிச்சச் சோறும்
ஊறுகாய் ஜாடியின் அடியில் தேங்கியதும்.

"சார், 124/80. சூப்பரா மெயின்டெயின் பண்றீங்க."
ஏகாம்பரம் சட்டைக் கையை இறக்கிவிட்டு
பரிசு வாங்கியவர் மாதிரி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.
டப்பாவில் செவ்வாயும் புதனும் நிரப்பியது யாரென்று
அந்த மிஷினுக்குத் தெரியாது.

"அக்கா, நீங்களும் சும்மா உக்காருங்க."
ரவிக்கைக் கை இறுக்கம்.
மறைப்புக்குப் பின்னால் போய்
ஒரு கையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன்.
பட்டை உப்பியது, இறங்கியது.
சிஸ்டர் எதுவும் சொல்லாமல் மறுபடி உப்ப வைத்தார்.
பிறகு ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னார்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
மடியில் கிடந்த கை
நறுக்க எதையாவது தேடியது.

மிஷின் கோளாறு என்றார் இவர்.
தலைவலி?
வரும். துணியை இறுக்கிக் கட்டினால் போகும்.
படபடப்பு?
நாற்பத்தெட்டு வயசு, தீட்டு நிற்கிற காலம்,
எல்லாருக்கும் உள்ளதுதானே.
"முன்னாடி எப்பவாவது பிரஷர் இருந்துதா?"
இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

எழும்பூர் ஆஸ்பத்திரி. எட்டாவது மாசம்.
செருப்பு நுழையவில்லை.
கொலுசை வெட்டி எடுத்தார்கள்.
160/110 என்று ஒருவர் சொல்ல
இன்னொருவர் எழுதினார்.
"பிள்ளை பிறந்தா சரியாயிடும்மா."
பிள்ளை பிறந்தது.
எடை போட்டார்கள், ஊசி போட்டார்கள்,
பெயர் வைத்தோம், பள்ளியில் சேர்த்தோம்,
அவளுக்கு இப்போது இருபத்திரண்டு.
சரியாயிற்றா என்று
என்னை யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, அது பழைய எண்.
வீடு அதே வீடு,
பலகைதான் மாறியிருக்கிறது.

மாத்திரை அட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
அவர் டப்பாவில் ஏழு அறை,
ஏழும் நிரம்பியிருந்தன.
கடைசியில் கடுகு டின்னின் மேல் வைத்தேன்.

ராத்திரி அவர் கிண்ணத்திலிருந்து
ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.
சகிக்கவில்லை.
இதையா மனுஷன் பதினோரு வருஷம் வாய் திறக்காமல் சாப்பிட்டார்?
இல்லை, திறந்திருக்கிறார்.
தினமும் திறந்திருக்கிறார்.

குழாயில் பிரஷர் வராத தெரு இது.
விடியற்காலை நாலரைக்கு அடிபம்பு, எட்டுக் குடம்.
"நாளைக்கு நீங்க அடிங்க" என்றேன்
சுவரைப் பார்த்து.
பதில் இல்லை.

நாலு நாற்பதுக்குப் பம்பு சத்தம்.
அடிக்கத் தெரியவில்லை அவருக்கு.
வேகமாக நாலு, ஒரு நிறுத்தம்,
அப்புறம் இரண்டு.
எழுந்து போய்ச் சொல்லித் தரலாம்.
படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.