எடைப் பாலம், இரவு வேலை

பதினொன்றேகாலுக்கு மேல் லோரி குறைந்துவிடும்.
அப்புறம் நான் ஐரோப்பாவுக்குப் போவேன்.
சுங்கை மெர்பாவ் ஆலை, எடைப் பாலத்துக் கூண்டு,
செம்பனையின் புளித்த ஆவி,
நாற்பத்தொரு வயதில் தனியார் மாணவி.
எஸ்டிபிஎம் வரலாறு. இரண்டாம் முறை.

இன்றைய பாடம்: ஆயரை நியமிப்பது யார்?
மோதிரமும் கோலும் தரவேண்டியது
மன்னன் கையா, போப்பாண்டவர் கையா?
ஐம்பது வருடம் அதற்காக அடித்துக்கொண்டார்களாம்.
இதை நான் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

"நிலம் கம்பெனியுடையது. கரண்டு கம்பெனியுடையது.
பூசாரி அஞ்சப்பன் என் செக்ரோலில் இருக்கிற ஆள்.
மணியடிப்பதும் வேலைதான்,
காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கட்டும்"
என்றார் நிர்வாகி குலவீரசிங்கம்.
"திருநீறு என்ன உரமா, நீங்கள் நிறுத்துக் கொடுக்க?"
என்றார் கோயில் தலைவர் வடமலை.
அவருக்கு அன்று பல்வலி; பாதிச் சொல்தான் வெளியே வந்தது.
அந்தப் பாதியே போதுமாயிருந்தது.

ஆடித் திருவிழா.
தட்டு வரிசையாக வந்தது,
நிர்வாகி நீட்டிய கையைத் தாண்டி
அடுத்த கைக்குப் போனது.
அவ்வளவுதான்.
புத்தகத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது.
எங்களிடம் பெயரில்லை.
ஆனால் மறுநாள் அவர் போட்ட உத்தரவை
மண்டோர்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள்,
நின்ற இடத்திலேயே நின்றார்கள்.
அதற்கடுத்த நாளிலிருந்து
குழாயில் தண்ணீர் ஐந்து முதல் ஐந்தரை வரை.

இருவர் மோத, நடுவில் நகரங்கள் கொழுத்தன: பக்கம் 88.
எங்களுக்குப் புதுப்பிரிவு.
ஒரு ஜெனரேட்டருக்காக அது நிர்வாகி பக்கம் சாய்ந்தது.
தனிக் கோயில் கட்டியது, கோபுரம் மூன்று சாண் கூடுதலாக.
நாங்கள் எங்களுடையதை நான்கு சாண் ஏற்றினோம்.
இரண்டு ஒலிபெருக்கிகளும் வாயோடு வாய் பார்த்து
விடிய விடிய ஒரே அம்மனைக் கூப்பிட்டன.
என் மச்சான் கலியன்
அங்கே சாப்பிட்டுவிட்டு இங்கே கையெழுத்துப் போட்டான்.

குலைகள் மரத்தடியிலேயே அழுகின.
தலைமையகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது.

பனியில் வெறுங்காலோடு
மூன்று நாள் நின்றானாம் ஒரு பேரரசன், கோட்டை வாசலில்.
இங்கே பனி ஏது? நவம்பர் மழை.
மூன்று வெள்ளிக்கிழமை.
பூட்ஸ் ஜீப்பில், குடை ஜீப்பில்,
சரளைக்கல் மேல் நிர்வாகியின் வெளுத்த பாதங்கள்.
உள்ளே கமிட்டி கேரம் ஆடியது.
"சிவப்பு விழட்டும், திறக்கலாம்."
மூன்றாம் வெள்ளி திறந்தார்கள்.
அவர் அழுதார், வடமலை அழுதார்,
பதினைந்து வயதில் நானும் அழுதேன்,
எல்லாம் முடிந்துவிட்டது என்று.

அந்த மன்னன் படையோடு ரோமுக்குத் திரும்பி
போப்பாண்டவரைத் துரத்த ஏழு வருடம் ஆனது.
எங்கள் நிர்வாகிக்கு ஏழு மாதம்.
வடமலையின் வீட்டுக் கதவில் நோட்டீஸ்.
கிள்ளானில் மகள் வீட்டு மூன்றாம் மாடியில்
மின்தூக்கிக்குப் பயந்தபடி செத்தார்.

கருவறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?
அந்த வழக்கு மட்டும் நீதிமன்றத்தில் பதினோரு வருடம்.
ஆஸ்பத்திரியில் அஞ்சப்பன் என்னிடம் சொன்னார்:
"சாவி முதல் வருஷமே சாக்கடையில விழுந்துடுச்சும்மா.
வளைஞ்ச ஆணிதான். யாரும் கேக்கல."

இப்போது இரு கோபுரங்களிலும் ஒரே நோட்டீஸ்.
கோலாலம்பூரில் யாரோ யாருக்கோ விற்றுவிட்டார்கள்.
குலவீரசிங்கத்தின் பங்களா ஏற்கெனவே தரைமட்டம்.
குளியல் தொட்டி மட்டும் வெயிலில் கிடக்கிறது,
தவளைகள் அதில் கட்சி கட்டுகின்றன.

மாதிரி வினா: வென்றவர் யார்? ஆதாரத்துடன் விவாதிக்க.
இருபத்தைந்து மதிப்பெண்.
ஆணி என்று எழுதலாமா?

ஹாரன்.
மொத்தம் பதினேழு டன் நானூறு.
வண்டியைக் கழித்து எழுதவேண்டும்.
"அக்கா, சீட்டு" என்கிறான் ஓட்டுநர்,
இஞ்சினை அணைக்காமல்.